நூறு நாட்களும் ஓர் இரவும்

ஒரு படம் நல்லதா, கெட்டதா என்று கேட்பதற்கு முன்பே, அது எத்தனை நாள் ஓடிற்று என்று கேட்பது நம் மக்களிடையே நெடுநாளைய வழக்கமாக இருந்து வந்திருக்கிறது. நூறு நாள் ஓடினால் விழா. இருபத்தைந்து வாரம் ஓடினால் வெள்ளி விழா. ஐம்பது வாரம் ஓடினால் பொன் விழா. மேடை போட்டு, மாலை சூட்டி, கேடயம் வழங்கி, அக்கேடயத்தில் நாட்கணக்கைப் பொறித்து வைத்தார்கள். படத்தின் கதை மறந்து போன பின்பும் அது ஓடிய நாட்கள் மறக்கப்படுவதில்லை. காப்பிக் கடைகளில் இன்றும் முதியவர்கள் அந்த எண்களை ஆதாரமாகக் காட்டித்தான் தங்கள் நடிகரின் பெருமையை நிலைநாட்டுகிறார்கள்.

இந்த நாட்கணக்கு எப்படி வந்தது? அது எதை அளக்கிறது? யாருடைய காசையும் யாருடைய ஆசையையும் கொண்டு அது எழுதப்பட்டது? ஈப்போ நகரத்திலும், அதைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களிலும் வாழ்ந்த தமிழனுக்கு அக்கணக்கில் ஏதேனும் இடம் உண்டா? இவற்றைச் சரித்திர ஆதாரத்தோடு சிறிது ஆராய்வதே நமது நோக்கம். சினிமாவைப் பற்றியதுதானே என்று வாசகர்கள் இதை அலட்சியம் செய்துவிட வேண்டாம். பாமர மக்களின் கூலியில் ஒரு பங்கு எந்த இடத்துக்குப் போயிற்றோ, அந்த இடத்தின் சரித்திரம் அவர்களுடைய சரித்திரமேயாகும்.

கணக்கு பிறந்த விதம்

தமிழ் பேசும் படம் 1931-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 31-ஆம் தேதி சென்னையில் ‘காளிதாஸ்’ என்னும் பெயரோடு பிறந்தது. மலாயாத் தோட்டத் தமிழருக்கு அது மிகவும் பொல்லாத காலம். உலகமெங்கும் வியாபாரம் மந்தமாகி ரப்பரின் விலை விழுந்து கிடந்தது. 1920-களின் கடைசியில் நாளொன்றுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நிர்ணயிக்கப்பட்டிருந்த கூலி 1930-இல் வெட்டப்பட்டது. வேலையிழந்த பதினாயிரக்கணக்கான மக்கள் கப்பலேற்றித் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். ஆகவே தமிழ்த் திரை வாய் திறந்து பேசத் தொடங்கிய வேளையில், அதைக் கேட்பதற்குக் காசு கொடுக்க வேண்டியவனுடைய கையில் காசில்லை.

பின்னர் நிலைமை சற்றே சீர்ப்பட்டது. 1937-இல் மதுரை ராயல் டாக்கி விநியோகஸ்தர்கள் ‘சிந்தாமணி’ என்னும் படத்தை வெளியிட்டார்கள். எம். கே. தியாகராஜ பாகவதர் பாடி நடித்த அப்படம், தமிழில் ஒரு வருஷ காலம் ஒரே கொட்டகையில் ஓடிய முதற்படம் என்று பெயர் பெற்றது. அதில் கிடைத்த லாபத்தைக் கொண்டு அவர்கள் மதுரையில் ‘சிந்தாமணி’ என்ற பெயரிலேயே ஒரு கொட்டகையைக் கட்டினார்கள். இது கவனிக்கத் தக்கது. படம் ஓடிக் கொட்டகையை உண்டாக்கிற்று. இனிமேல் கொட்டகை படத்தை ஓட்டலாம். படத்தை உடையவனும் கொட்டகையை உடையவனும் ஒருவனாகவோ, ஒருவருக்கொருவர் வேண்டியவராகவோ ஆகிவிட்டால், நாட்கணக்கு ஜனங்களின் தீர்ப்பாக மாத்திரம் இருக்க முடியாதல்லவா?

மூன்று தீபாவளிகள்

நாட்கணக்கைப் பற்றிப் பேசுகிறவர் எவரும் ‘ஹரிதாஸ்’ படத்தைச் சொல்லாமல் விடுவதில்லை. அதே ராயல் டாக்கியார் தயாரித்து, சுந்தர் ராவ் நட்கர்னி இயக்கி, 1944-ஆம் வருஷத் தீபாவளிக்கு வெளிவந்த அந்தப் படம் சென்னை பிராட்வே கொட்டகையில் 110 வாரங்கள் ஓடிற்று. 1944, 1945, 1946 ஆகிய மூன்று தீபாவளிகளை அது ஒரே இடத்தில் கண்டது.

பாகவதரின் குரலினிமைதான் அதற்குக் காரணம் என்று சொல்லுவார்கள். அக்குரலின் பெருமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் வேறு காரணமும் இருந்தது. அது யுத்த காலம். படச்சுருள் அயல்நாட்டிலிருந்து கப்பலில் வரவேண்டிய பொருள். கப்பல்களோ துருப்புகளையும் வெடிமருந்தையும் சுமந்து கொண்டிருந்தன. அதனால் சர்க்கார் படச்சுருளுக்குப் பங்கீடு ஏற்படுத்தி, எந்தப் படமும் 11,000 அடிக்கு மேற்படக் கூடாது என்று விதித்தார்கள். அதற்கு முன் 18,000 அடி வரையிலும் நீண்டு போன தமிழ்ப் படங்கள் உண்டு. புதுப்படம் எடுப்பதே அருமையாகிவிட்டது. எடுத்த படத்துக்குப் பிரதிகள் போடுவது அதனினும் அருமை. போட்டிக்கு வேறு படமில்லாத கொட்டகையில், ஓடுகிற படத்தை எடுத்துவிட்டு எதைப் போடுவது? கல்கத்தா ராக்ஸி கொட்டகையில் ‘கிஸ்மத்’ என்னும் ஹிந்திப் படம் 1943-இல் தொடங்கி மூன்று வருஷத்துக்கு மேல் ஓடியதும் இதே காலத்தில்தான். தெற்கிலும் வடக்கிலும் ஒரே காலத்தில் இரண்டு படங்கள் இப்படி ஆண்டுக்கணக்கில் நின்றது வெறும் தற்செயல் என்று நம்மால் கொள்ள முடியவில்லை.

பெருவெற்றி பெற்ற படத்தைக் குறிக்க இன்று யாவரும் வழங்கும் ‘பிளாக்பஸ்டர்’ என்ற சொல்லும் அந்த யுத்தத்தின் குழந்தையே. ஒரு தெருவையே தரைமட்டமாக்கும் பெருங்குண்டுக்கு அக்காலத்தில் இட்ட பெயர் அது. குண்டின் பெயர் பின்பு படத்துக்கு வந்தது.

இன்னொரு விந்தையும் உண்டு. ‘ஹரிதாஸ்’ வெளிவந்த சில வாரங்களில் லட்சுமிகாந்தன் என்னும் பத்திரிகைக்காரர் கொலையுண்டார். அவ்வழக்கில் பாகவதரும், அதே படத்தில் நடித்த கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும் 1944 டிசம்பரில் கைது செய்யப்பட்டு, பின்னர் ஆயுள் தண்டனையும் பெற்றார்கள். மேல் வழக்காடி 1947 ஏப்ரலில்தான் விடுதலையானார்கள். பிராட்வேயில் திரைமேல் பாடிக் கொண்டிருந்தவர் நிஜத்தில் சிறைக்குள் இருந்தார். பாடினவர் இல்லாமலேயே பாட்டு ஊரை ஆண்டது. ஆண்டவனைப் போலக் கொண்டாடப்பட்ட நடிகரும் நம்மைப் போல் சட்டத்துக்கும் விதிக்கும் உட்பட்ட மனிதரே என்பதை ஜனங்களுக்கு அந்த மூன்று தீபாவளிகள் காட்டியிருக்க வேண்டும். காட்டிற்றா என்பதை, இன்று நடிகரின் உருவப் பலகைக்குப் பாலாபிஷேகம் செய்கிறவர்களைக் கொண்டு வாசகர்களே முடிவு செய்து கொள்ளலாம்.

அதே மூன்று தீபாவளிகளில் பேராக்கில் என்ன நடந்தது? ஜப்பானியப் படை 1941 டிசம்பர் கடைசியில் ஈப்போவுக்குள் புகுந்தது. 1944 தீபாவளியன்று தோட்டத்து லயங்களில் அரிசிக்குப் பதில் மரவள்ளிக் கிழங்கு வெந்தது. சயாம் – பர்மா ரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்டவர்களில் பலர் திரும்பவேயில்லை. 1945 தீபாவளியன்று யுத்தம் ஓய்ந்திருந்தது. ஆனால் கையிலிருந்த ஜப்பானிய வாழைமர நோட்டு வெறுங்காகிதமாகி விட்டது. கப்பல் போக்குவரத்துச் சீரான பின்பே சென்னைப் படங்கள் மீண்டும் இக்கரைக்கு வர முடிந்தது. சென்னையில் ஒரு படம் எழுநூற்றெழுபது நாட்கள் நின்ற காலமும், அதைப் பார்க்க வேண்டிய லட்சக்கணக்கான தமிழர்கள் கடலுக்கு இப்பால் பட்டினியோடு போராடிய காலமும் ஒன்றே. கேடயத்தில் முதற்காலம் மட்டுமே பொறிக்கப்பட்டிருக்கிறது.

படம் நிற்கும் சூட்சுமம்

நிற்க. ஒரு படம் கொட்டகையில் எதனால் நிற்கிறது, எதனால் போகிறது என்பதைத் தெரிந்து கொள்வது நல்லது. இதில் மந்திரம் ஒன்றுமில்லை, வியாபாரம் இருக்கிறது.

முதலாவது, பிரதிகளின் எண்ணிக்கை. பழைய நாளில் ஒரு படத்துக்குச் சில பிரதிகளே உண்டு. அவை முதலில் பெருநகரங்களில் ஓடும். பிறகு சிறு நகரங்கள். அதற்கும் பிறகு கீற்றுக் கொட்டகையான டூரிங் டாக்கீஸ். பட்டணத்தில் ஓடி முடிந்தால்தான் பட்டிக்காட்டுக்கு வரும். ஒரே பிரதியை இரண்டு கொட்டகைகள் பங்கிட்டுக் கொண்டு, ஒன்றில் ஓடி முடிந்த சுருளைச் சைக்கிளில் மற்றொன்றுக்குக் கொண்டு ஓடியதும் உண்டு. ஊரிலுள்ளோர் யாவரும் ஒரே கொட்டகையில்தான் பார்த்தாக வேண்டுமென்றால், அங்கே அது நூறு நாள் ஓடுவது ஆச்சரியமன்று. ஆயிரம் பேர் குடிக்க வேண்டிய தண்ணீர் ஒரே குழாயில் வருமானால் அக்குழாய் நாள் முழுவதும் ஓடத்தானே செய்யும்?

1948 ஏப்ரலில் ஜெமினி வாசன் தமது ‘சந்திரலேகா’வைத் தென்னாட்டில் நாற்பதுக்கு மேற்பட்ட கொட்டகைகளில் ஒரே சமயத்தில் வெளியிட்டார். பெரும்பணம் போட்டு எடுத்த படத்தின் முதலைக் காலதாமதமின்றித் திரும்ப எடுக்க வேண்டும் என்பது அதன் கருத்து. குழாய் ஒன்றாக இருந்தது நாற்பதாயிற்று. பல வருஷங்களுக்குப் பின், 1975-இல், அமெரிக்காவில் ‘ஜாஸ்’ என்ற படத்தைத் தொலைக்காட்சியில் பலமாக விளம்பரம் செய்து நானூறுக்கு மேற்பட்ட கொட்டகைகளில் ஒரே நாளில் திறந்தார்கள். அதிலிருந்து பெரும்படம் என்பது முதல் வாரத்திலேயே அறுவடை செய்ய வேண்டிய பயிராகிவிட்டது. 1997 டிசம்பரில் வந்த ‘டைட்டானிக்’ அமெரிக்காவில் தொடர்ந்து 15 வாரம் வசூலில் முதலிடத்தில் நின்றதைப் போன்றவை விதிவிலக்குகளே.

இரண்டாவது, வசூலைப் பங்கிடும் முறை. முதல் வாரத்தில் படத்தை உடையவருக்குப் பங்கு அதிகம். வாரம் செல்லச் செல்ல அது குறைந்து கொட்டகைக்காரரின் பங்கு கூடும். 2009-இல் ஹிந்திப் படத் தயாரிப்பாளர்களுக்கும் பல்திரை அரங்குகளுக்கும் பெரிய தகராறு உண்டாகி, இரண்டு மாதம் புதுப்படமே வராமல் நின்று, பிறகு ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. முதல் வாரம் நூற்றுக்கு 50, இரண்டாம் வாரம் 42.5, மூன்றாம் வாரம் 37.5, அதன் பின் 30 என்று படக்காரரின் பங்கு இறங்கும். முதல் வாரத்துக் கூட்டத்தில் யாருக்கு ஆசை, பத்தாம் வாரத்துக் கூட்டத்தில் யாருக்கு ஆசை என்பதை இந்த எண்களே சொல்லும். படக்காரர் முதல் மூன்று நாட்களில் ஊரையே திரட்டப் பார்க்கிறார், அடுத்த வெள்ளிக்கிழமை வேறொரு படக்காரர் வாசலில் வந்து நிற்கிறார், படம் போய்விடுகிறது.

மூன்றாவது, கொட்டகை யாருடையது என்பது. 2005-ஆம் வருஷம் ஏப்ரல் 14-ஆம் தேதி வெளியான ‘சந்திரமுகி’ சென்னை சாந்தி கொட்டகையில் 800 நாட்களுக்கு மேல் ஓடி, ‘ஹரிதா’ஸின் அறுபது வருஷத்துச் சாதனையைக் கடந்தது. அந்தப் படத்தைத் தயாரித்தது சிவாஜி புரொடக்ஷன்ஸ். அந்தக் கொட்டகையும் சிவாஜி கணேசனின் குடும்பத்தாருடையதே. படம் மகத்தான வெற்றி என்பதில் சந்தேகமில்லை. ஆயினும் தன் வீட்டுத் திண்ணையில் தன் பிள்ளை எத்தனை நாள் உட்கார்ந்திருந்தான் என்பதைக் கொண்டு ஊரார் அவனுக்குக் கொடுத்த மரியாதையை அளக்க முடியுமா? அந்தச் சாந்தி கொட்டகையும் 2016-இல் மூடப்பட்டது.

இவற்றுக்கு மாறான ஓர் உதாரணத்தையும் சொல்லிவிடுவது நியாயம். 1978-இல் கே. பாலசந்தர் தெலுங்கில் எடுத்த ‘மரோ சரித்ரா’ தமிழில் மொழிமாற்றம் செய்யப்படாமலே சென்னை சஃபயர் கொட்டகையில் 596 நாட்கள் ஓடிற்று. வேறு மொழி பேசிய படத்தைத் தமிழ் மக்கள் ஒன்றரை வருஷத்துக்கு மேல் வாழ வைத்தார்கள். நாட்கணக்கு சில சமயம் உண்மையையும் சொல்லும். அதைத் தனியாக நிறுத்தி நம்பக் கூடாது என்பதே நமது வாதம். பம்பாய் மராட்டா மந்திர் கொட்டகையில் 1995-இல் தொடங்கிய ‘தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே’ 2014 டிசம்பரில் 1000 வாரங்களை எட்டிற்று. ஆனால் அது நாளுக்கு ஒரே காட்சி, மிக மலிவான டிக்கெட், பக்கத்திலே பெரிய ரயில் நிலையம். அங்கே வருகிறவர்களில் ரயிலுக்காகக் காத்திருக்கும் வழிப்போக்கரும் உண்டு. ஆயிரம் வாரம் என்ற எண்ணைக் கேட்டவர் இந்த விவரங்களையும் கேட்க வேண்டும்.

நகரத்துக் கொட்டகையும் தோட்டத்துத் திடலும்

இனி நம் ஊருக்கு வருவோம். ஈயத்தால் செழித்த ஈப்போவுக்குக் கொட்டகைகளுக்குப் பஞ்சமில்லை. 1920-களின் நடுவிலிருந்து சிங்கப்பூரை இருப்பிடமாகக் கொண்ட ஷா சகோதரர்களும், பிறகு லோக் வான் தோவின் கேத்தே நிறுவனத்தாரும் மலாயாவின் நகரங்களெங்கும் கொட்டகைகளை ஏற்படுத்தினார்கள். சீனப் படம், மலாய்ப் படம், ஆங்கிலப் படம், ஹிந்திப் படம், தமிழ்ப் படம் ஆகிய ஐந்துக்கும் அவ்விடங்களில் இடம் வேண்டும். ஆகவே தமிழ்ப் படம் சென்னையில் நிற்பது போல் இங்கு நிற்க முடியாது. மதுரையில் ஊரே தமிழர். இங்கே ஊரில் ஒரு பகுதியே தமிழர். மக்கள் தொகை குறைந்த இடத்தில் நாட்கணக்கும் குறையும் என்பது குழந்தைக்கும் விளங்கும். இதைக் கொண்டு இவ்வூர்த் தமிழருக்குக் கலையில் ஆசை குறைவு என்று எவரேனும் சொல்லுவாரானால், அவர் கணக்கும் அறியார், மக்களையும் அறியார்.

நகரத்துத் தமிழன் இரண்டொரு வாரம் பார்த்தான்; தோட்டத்துத் தமிழன்? சுங்கை சிப்புட், கோல கங்சார், பத்து காஜா, தெலுக் ஆன்சன், பாகான் டத்தோ முதலிய பகுதிகளின் தோட்டங்களில் இருந்தவன் நகரத்துக்குப் போவதென்றால் பஸ் கூலி வேண்டும். டிக்கெட்டுக் காசு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக நேரம் வேண்டும். விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டியவனுக்கு இரவுக் காட்சி ஏது? எனவே அவன் படத்தைத் தேடிப் போனது சில நாட்களில். படம் அவனைத் தேடி வந்தது சில இரவுகளில்.

சம்பள நாளை ஒட்டியோ, திருவிழாவை ஒட்டியோ தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டப்படும். லாரியில் இயந்திரம் வந்து இறங்கும். பொழுது சாயுமுன்பே பிள்ளைகள் பாயும் சாக்கும் விரித்து இடம் பிடிப்பார்கள். கங்காணியும் கிராணியும் நாற்காலியில், மற்றவர்கள் தரையில். முன்புறம் இடம் கிடைக்காதவர்கள் துணிக்குப் பின்புறம் அமர்ந்து, எழுத்துக்கள் தலைமாறித் தெரிய, வலக்கை இடக்கையாகப் படத்தைப் பார்ப்பார்கள். சுருள் மாற்றும் இடைவேளையில் கச்சான் விற்கப்படும். நடுநிசிக்குப் படம் முடியும், துணி சுருட்டப்படும், லாரி அடுத்த தோட்டத்துக்குப் போய்விடும். விடியுமுன் அதே மக்கள் உளியோடும் வாளியோடும் நிரைக்குப் போவார்கள்.

அங்கே அந்தப் படம் ஓடியது ஓர் இரவு. ஆனால் நின்றது எத்தனை நாள்? பால்வெட்டும்போது அதன் பாட்டு பாடப்பட்டது. அதன் வசனம் லயத்து வாசலில் ஒப்பிக்கப்பட்டது. அதன் நாயகன் பெயர் பிறந்த பிள்ளைக்கு இடப்பட்டது. பார்த்தவன் பாராதவனுக்குச் சொன்னான். சொல்லும்போது சிறிது கூட்டியும் சொன்னான். 1946-இல் மலாயா வானொலி ஏற்பட்ட பின், வானொலிப் பெட்டி உள்ள இடங்களில் பாட்டு மறுபடி மறுபடி கேட்டது. கொட்டகை முதலாளியின் ஏட்டில் இவற்றுக்குப் பத்தி கிடையாது. ஓர் இரவு என்றும் அவ்வேடு எழுதவில்லை. எழுதியிருந்தால் அது ‘ஓடாத படம்’ என்றல்லவா ஆகியிருக்கும்?

1948 ஜூன் 16-இல் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து அவசர காலம் பிறந்தது; அது 1960 வரையில் நீடித்தது. முள்வேலி, ஊரடங்கு, சோதனைச் சாவடி என்று தோட்டத்தவர் வாழ்வு சுருங்கிற்று. இரவில் நகரத்துக்குப் போய்ப் படம் பார்ப்பது நினைக்கவும் கூடாததாயிற்று. அதே காலத்தில் சர்க்கார் தகவல் இலாகா வண்டிகள் தோட்டந்தோறும் வந்தன. 1946-இல் தோற்றுவிக்கப்பட்ட மலாயா படப் பிரிவு எடுத்த செய்திப் படங்களும் பிரசாரப் படங்களும் தமிழிலும் குரல் கொடுக்கப்பட்டுத் திடலில் காட்டப்பட்டன. காசில்லாமல் வந்த படம். ஆனால் கருத்தில்லாமல் வந்த படமன்று. முதலாளி படம் காட்டினால் காசுக்காக. ஆட்சி படம் காட்டினால் மனத்துக்காக. இரண்டையும் ஒரே துணியில் பார்த்தவன் தோட்டத் தமிழன்.

கொட்டகையும் தோட்டமும் கலைந்த கதை

பிறகு வந்த மாறுதல்களை விரைந்து சொல்லிவிடலாம். 1963 டிசம்பரில் தொலைக்காட்சி வந்தது. தமிழ்ப் படம் வீட்டுக்குள் நுழைந்தது. 1980-களில் வீடியோ நாடா வந்தது. நகரத்துக்குப் போகும் பஸ் கூலியைக் கொண்டு ஒரு லயமே ஒரு படத்தைப் பார்த்துவிட முடிந்தது. 1985-இல் உலக ஈயச் சந்தை வீழ்ந்தது; கிந்தா பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் மூடப்பட, ஈப்போவின் பழைய கொட்டகைகளுக்கும் தளர்ச்சி கண்டது. 1996-இல் ஆஸ்ட்ரோ வானலை வழியே ‘வானவில்’ வந்தது. பழைய பெருங்கொட்டகைகள் ஒவ்வொன்றாக மூடின. சில இடிக்கப்பட்டன, சில வேறு வியாபாரத்துக்குப் போயின.

தோட்டமும் நிற்கவில்லை. ரப்பர் மரத்தை வீழ்த்திச் செம்பனை நட்டார்கள். செம்பனையையும் வீழ்த்தி வீடு கட்டினார்கள். முன்பே, 1950-களின் இறுதியில் தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்கியபோது, சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்துத் தொழிலாளரின் சிறு சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கச் செய்தார். அந்த அரிய முயற்சியாலும் வெள்ளம் முழுவதையும் தடுக்க முடியவில்லை. தலைமுறை தலைமுறையாகத் தோட்டத்தில் இருந்தோர் நகரத்தின் ஓரங்களில் வந்து குடியேறினார்கள். துணி கட்டிய திடல்கள் இன்று சாலையாகவும் கடைத் தெருவாகவும் கிடக்கின்றன.

இன்றைய நிலை என்ன? சுருளுக்குப் பதில் மின்னணுப் பிரதி. ஒரு படத்துக்கு எத்தனை திரை வேண்டுமானாலும் கிடைக்கும். 2016 ஜூலை 22-இல் ‘கபாலி’ வந்தபோது சென்னையிலும் கோலாலம்பூரிலும் ஈப்போவிலும் ஒரே நாளில் வந்தது. சென்னையில் ஓடி முடிந்த பிரதிக்காகக் காத்திருந்த காலம் போயிற்று. 2023 அக்டோபர் 19-இல் வெளியான ‘லியோ’ அடுத்த மாதம் 24-ஆம் தேதியே இணைய வழியில் வீட்டுக்கு வந்துவிட்டது. 110 வாரம் நின்ற பிராட்வேயை நினைத்துப் பாருங்கள். இப்போது கதவு திறந்து ஐந்து வாரத்தில் படம் கொட்டகையையே விட்டுப் போய்விடுகிறது. நாட்கணக்குப் போய் வசூல் கணக்கு வந்திருக்கிறது. ‘எத்தனை நாள்’ என்று கேட்டவர்கள் ‘எத்தனை கோடி’ என்று கேட்கிறார்கள். எண் மாறிற்றே ஒழியப் புத்தி மாறவில்லை.

நம் கதைகளுக்கு எத்தனை நாள்?

இவ்விடத்தில்தான் நாம் சொல்ல வந்தது இருக்கிறது. ‘கபாலி’யில் மலேசியத் தோட்டத் தமிழரின் வழிவந்தவனைச் சென்னைப் பெருநடிகர் நடித்தார். மலாய் மொழியில் குரல் கொடுத்தும் அது வெளியாயிற்று. இந்நாட்டில் காட்டப்பட்ட பிரதியின் முடிவில், நாயகன் போலீசில் சரணடைந்தான் என்று ஒரு வாசகமும் சேர்க்கப்பட்டது. அப்படத்துக்கு நள்ளிரவிலும் வரிசை நின்றது.

அதற்குப் பதினோரு வருஷம் முன்பு, 2005-இல், தீபக் குமாரன் மேனன் ‘செம்மண் சாலை’ என்னும் படத்தை எடுத்தார். 1960-களின் ரப்பர்த் தோட்டம், மேற்படிப்புக்கு ஆசைப்படும் ஒரு பெண், அவள் குடும்பம். பெருநடிகர் இல்லை, சண்டை இல்லை. 2015 டிசம்பரில் சஞ்சய் குமார் பெருமாள் ‘ஜகாட்’ என்னும் படத்தை வெளியிட்டார். தோட்டத்தை விட்டு வந்த குடும்பத்துச் சிறுவன், 1990-களில் படிப்புக்கும் ரவுடித்தனத்துக்கும் நடுவே எப்படி இழுபடுகிறான் என்பது அதன் கதை. அடுத்த வருஷம் மலேசியத் திரைப்பட விழாவில் அது சிறந்த படம் என்ற விருதைப் பெற்றது. மலாய் மொழியில் இல்லாத படத்தைத் தனிப் பிரிவில் ஒதுக்கி வைப்பதா என்று நாடெங்கும் எழுந்த கிளர்ச்சிக்குப் பிறகே அவ்விருது கிடைத்தது என்பதையும் சரித்திரம் குறித்துக் கொள்ள வேண்டும்.

இத்தகைய படங்களுக்கு நள்ளிரவு வரிசை நின்றதா? தம்முடைய கதையைப் பிறர் பெருங்குரலில் சொன்னால் கூடுகிற கூட்டம், தம்மவரே தாழ்ந்த குரலில் சொன்னால் கூடுவதில்லை. உள்நாட்டுப் படங்களை இரண்டு வாரமேனும் கொட்டகைகள் காட்ட வேண்டும் என்று ஃபினாஸ் என்னும் தேசியத் திரைப்பட நிறுவனம் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் விதி கதவைத் திறந்து வைக்குமே தவிர நாற்காலியை நிரப்பாது. யாருமில்லாத பகற்காட்சியில் பதினான்கு நாள் ஓடினால் அதற்கு ஓட்டம் என்று பெயரா?

நாம் மேலே விளக்கிய வியாபார சூட்சுமத்தை வாசகர்கள் இப்போது நினைவுபடுத்திக் கொள்ள வேண்டும். பெருநடிகரின் படத்துக்கு நீங்கள் மூன்றாம் வாரத்தில் போனாலும் அது வாழும். சிறு படத்துக்கு முதல் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாட்களே ஆயுள். திங்கட்கிழமை காலையில் கொட்டகைக்காரர் கணக்குப் பார்க்கும்போது நாற்காலி காலியாக இருந்தால், அடுத்த வெள்ளிக்கிழமை அப்படத்துக்கு இடமில்லை. இருந்தாலும் ஒருவரும் வரமுடியாத வேளையில்தான் இடமிருக்கும். ‘பிறகு பார்த்துக் கொள்ளலாம்’ என்று நாம் சொல்லும் ஒவ்வொரு தரமும் நம்முடைய கதை ஒன்று நம்முடைய கையாலேயே கொட்டகையை விட்டு இறக்கப்படுகிறது. இதற்குச் சர்க்காரையோ சென்னையையோ குறை கூறிப் பயனில்லை.

இன்னுமொரு கடமையும் உண்டு. தோட்டத்துத் திடலில் படம் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். நாளுக்கு நாள் குறைந்தும் வருகிறார்கள். எந்தத் தோட்டத்தில், எந்தத் திருவிழாவில், எந்தப் படம் காட்டப்பட்டது. யார் லாரி ஓட்டி வந்தார். எந்தப் பாட்டு நிரையில் பாடப்பட்டது என்பவற்றை நமது இளைஞர் மன்றங்களும் வாசகசாலைகளும் தமிழ்ப் பள்ளிகளும் அவர்களிடம் கேட்டு எழுதி வைக்கலாம். இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு மாலைப் பொழுதும் போதும். சென்னையின் நூறு நாட்களை எழுதி வைக்கப் பலர் உண்டு. பேராக்கின் ஓர் இரவை எழுதி வைக்க நம்மைத் தவிர வேறு யாருமில்லை.

ஆகவே, ஒரு படம் எத்தனை நாள் ஓடிற்று என்று இனி யாரேனும் கேட்டால், எந்தக் கொட்டகையில், எத்தனை பிரதியில், யாருடைய லாபத்துக்கு என்று நாம் திருப்பிக் கேட்போமாக. அவற்றுக்கெல்லாம் விடை வந்த பிறகு, அது ஜனங்களின் வாயிலும் வாழ்விலும் எத்தனை நாள் நின்றது என்றும் கேட்போமாக. அந்தக் கடைசிக் கேள்விக்குரிய விடையை எந்த முதலாளியும் கேடயத்தில் பொறித்துத் தர முடியாது. அதைச் சொல்லக் கூடியவர்கள் ஓர் இரவு பார்த்ததை ஆயுள் முழுவதும் காத்து வைத்திருக்கும் நம் தோட்டத்து மக்களே.